சிக்னலில் கடைசி நேரத்தில் வண்டியைச் சொருகுவது: சென்னை ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திரும்ப வேண்டியவர்கள் எல்லாரும் ஒரு வரிசையில் பொறுமையாக நிற்கிறார்கள். பக்கத்து லேனில் நேராகப் போகிறவர்போல ஒருவர் வருகிறார். முனை வந்ததும் சட்டென்று பிரேக் போட்டு, வரிசையின் முன்பக்கம் எங்கே அரை அடி இடைவெளி கிடைக்கிறதோ அங்கே வண்டியின் மூக்கை நுழைக்கிறார். சென்னையில் வண்டி ஓட்டுகிற யாரும் இதைப் பார்க்காமல் வீடு போய்ச் சேர்வதில்லை. இதைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் புதிதாக ஓட்டக் கற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ஒரே ஒரு கார் நடுவில் நுழைந்தால் அப்படி என்ன குடிமுழுகிப் போகிறது?

வரிசையில் நிற்பவருக்கு ஒரு கார் தூரம்தான் நஷ்டம். அதோடு முடிந்தால் நானும் இவ்வளவு எழுத மாட்டேன். பெரிய நஷ்டம் அந்த வரிசையிலேயே இல்லாதவர்களுக்கு.

நுழைகிற காரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முன் சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேல். மூக்கு திரும்பும் வரிசைக்குள். வண்டியின் பின்பாதி முழுக்க நேராகப் போகும் லேனில் குறுக்காக நிற்கிறது. இடது ஜன்னலில் இருந்து ஒரு கை வெளியே நீண்டு, "இரு, இரு" என்று ஆட்டிக்கொண்டிருக்கிறது. இண்டிகேட்டர் போட்டிருக்காது, கைதான் இண்டிகேட்டர். பின்னால் ஒரு மாநகரப் பேருந்து, அதன் பின்னால் தண்ணி லாரி. அவர்களுக்குப் பச்சை விழுந்துவிட்டது, ஆனால் நகர முடியாது. பைக்குகள் மட்டும் அந்தக் காரின் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிந்து போகின்றன. பேருந்துக்குள் ஐம்பது அறுபது பேர், அவர்களில் யாருக்கும் அந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டியதே இல்லை.

கணக்காகச் சொன்னால், பச்சை விழுந்து ஓட்டம் சீரானதும் ஒரு லேனில் ஏறத்தாழ 2 விநாடிக்கு ஒரு கார் சிக்னலைக் கடக்கும். போக்குவரத்துப் பொறியாளர்கள் சிக்னல் நேரத்தைக் கணக்கிடுவது இந்த மாதிரி அளவை வைத்துத்தான். 60 விநாடிப் பச்சை என்றால் ஒரு லேனில் முப்பது காருக்குக் கொஞ்சம் குறைவாகப் போகலாம். குறுக்கே நிற்கும் வண்டி 10 விநாடி வழியை அடைத்தால் ஐந்து கார் போக வேண்டிய நேரம் வீண். அவர் நுழைந்ததைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் பின்னாலேயே வந்தால் பாதிப் பச்சை போய்விடும். நேராகப் போகும் லேன் அடுத்த சிவப்புக்குள் காலியாகாது. வரிசை முந்தைய சிக்னல் வரை நீளும், அங்கேயும் சந்திப்பு அடைபடும்.

இன்னொன்றும் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஒரு சோதனையில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. ஆனாலும் யாரோ ஒருவர் லேசாக வேகம் குறைத்தது பின்னால் வருகிறவரிடம் கூடி, அவருக்குப் பின்னால் இருப்பவரிடம் இன்னும் கூடி, கொஞ்ச நேரத்தில் சில கார்கள் அப்படியே நின்றுவிட்டன. அந்த நெரிசல் அலை மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. யாரும் குறுக்கே வராமலே இப்படி என்றால், நாலு பேர் சடன் பிரேக் அடிக்க வைக்கும் நுழைவு என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளலாம். காரணமே தெரியாமல் அரை கிலோமீட்டர் பின்னால் ஒருவர் நிற்பது இதனால்தான்.

மெட்ரோ தடுப்பு வைத்து லேன் முடிகிற இடத்தில், கடைசி வரை போய் நுழைவதும் இதே தப்புதானா?

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டது. ஓஎம்ஆர், ஆற்காடு சாலை என்று பல இடங்களில் அந்த வேலைக்காகத் தடுப்பு வைத்தபோது மூன்று லேன் இரண்டாகவும், இரண்டு லேன் ஒன்றாகவும் சுருங்கியதைப் பார்த்தோம். அப்படி லேனே முடிந்துபோகிற இடத்தில், முடிகிற லேனில் வருகிறவருக்கும் போக வேறு வழி கிடையாது. இரண்டு லேனில் இருப்பவர்களும் போவது ஒரே இடத்துக்கு. எனவே முடிகிற இடம் வரை இரண்டு லேனையும் நிரப்பி, அங்கே ஜிப் பற்கள் சேர்வதுபோல இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் போவதுதான் சரியான முறை.

ஜெர்மனியில் இதைச் சாலை விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலப் போக்குவரத்துத் துறை, இந்த முறையால் வரிசையின் நீளம் 40 சதவீதம் வரை குறையும் என்று சொல்லி ஓட்டுநர்களுக்குப் பரிந்துரைக்கிறது. ஒரு லேனைக் காலியாக விட்டுவிட்டு எல்லாரும் ஒரே பக்கம் முண்டியடித்தால், வரிசை இரண்டு மடங்கு நீண்டு பின்னால் இருக்கிற சந்திப்பை அடைக்கும். காலி லேனில் வருகிறவரைப் பார்த்து நிற்பவர்களுக்குக் கோபமும் வரும்.

ஆக, கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் இருக்கும் லேன் இங்கே முடிகிறதா, இல்லை வேறு பக்கம் போகிறதா? முடிந்தால் கடைசி வரை போய் முறைபோட்டு நுழையலாம். வேறு பக்கம் போகும் லேன் என்றால் அதை வரிசை தாண்டும் பாதையாக வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. மேம்பாலத்தில் ஏறுகிறவர்களும் கீழே போகிறவர்களும் பிரிகிற இடங்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகை. கத்திப்பாராவில் விமான நிலையம் பக்கமும் வடபழனி பக்கமும் பிரிகிற இடத்தைச் சொல்லலாம். 2008இல் அந்த மேம்பாலம் திறந்ததே ஒரு திசைக்காரர் இன்னொரு திசைக்காரருக்காகக் காத்து நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். பிரிகிற முனையில் ஒருவர் குறுக்கே நின்றால் அத்தனை செலவும் அந்த நேரத்துக்கு வீண்.

ஃப்ரீ லெஃப்டில் போய் நேராகப் போவது?

சென்னையில் அதிகம் நடப்பது இதுதான், அதிகம் பேசப்படாததும் இதுதான். நேராகப் போகும் லேன்களில் கூட்டம். இடது ஓரம் காலியாக இருக்கிறது. ஒருவர் அதில் ஏறி ஸ்டாப் லைன் வரை வந்து, பச்சை விழுந்ததும் வலது பக்கமாக ஒடித்து நேராகப் போகலாம் என்று நிற்கிறார். பின்னால் இடது திரும்ப வேண்டியவர்கள் பத்துப் பேர் ஹார்ன் அடிக்கிறார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நேரே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஃப்ரீ லெஃப்ட் சிவப்பிலும் ஓட வேண்டிய லேன். அதை ஒருவர் அடைத்தால் சிவப்பு நேரம் முழுவதும், அதாவது ஒன்றரை இரண்டு நிமிஷம், அந்தப் பக்கம் செத்துவிடும். குறுக்கே நுழைகிறவர் விநாடிகளைத் தின்கிறார் என்றால் இவர் நிமிஷங்களைத் தின்கிறார். பச்சை விழும்போது இவர் வலது பக்கம் ஒடிப்பதால் நேர் லேனும் தடுமாறும். முக்கியமாக, இவருக்கும் பேருந்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் ஸ்கூட்டர்க்காரரை இருவருமே பார்க்க மாட்டார்கள்.

ஒரு விஷயம்: போர்டோ இடது அம்பு சிக்னலோ இருக்கிற இடத்தில்தான் ஃப்ரீ லெஃப்ட். இல்லாத இடத்தில் சிவப்பென்றால் இடதுக்கும் சிவப்புதான். அங்கே முன்னால் நிற்பவரை ஹார்ன் அடித்து விரட்டக் கூடாது.

யூ-டர்னில் மூன்று வரிசையாக நிற்கிறார்களே, எது சரியான வரிசை?

மீடியனை ஒட்டி நிற்பதுதான் வரிசை. அதற்கு இடது பக்கம் இரண்டாவதாக நிற்பவர், வளையும்போது முதல் வரிசைக்காரரை உள்ளே நெருக்குகிறார். மூன்றாவதாக நிற்பவர் நேராகப் போகிறவர்களின் லேனையே எடுத்துக்கொள்கிறார். பல சந்திப்புகளில் வலது திருப்பத்தை மூடி, கொஞ்ச தூரம் தள்ளி யூ-டர்ன் வைத்த பிறகு இந்தப் பிரச்சினை கூடிவிட்டது. ஓஎம்ஆரில் இந்திரா நகரிலும் (2023 நவம்பர்) டைடல் பார்க்கிலும் (2024 பிப்ரவரி) 'யூ' வடிவ மேம்பாலம் கட்டியது நல்ல வேலை. எல்லா இடத்திலும் பாலம் கட்ட முடியாது. ஆனால் மீடியன் ஓரமாக யூ-டர்ன் லேனைப் பிரித்து, ஐம்பது மீட்டர் முன்னாலிருந்தே பிளாஸ்டிக் கம்பம் நட்டுவிட்டால் நடுவில் நுழையவே முடியாது. செலவு குறைவு, பலன் அதிகம். இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்லாரும் நுழைகிறார்கள். நான் மட்டும் வரிசையில் நின்றால் ஏமாளிதானே?

இப்படிக் கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, களைத்தவர்கள். ஆபீஸ் முடிந்து, ஏழு மணிக்கு, மூன்றாவது சிவப்பையும் அதே இடத்தில் நின்று பார்க்கும்போது மனசு அப்படித்தான் கணக்குப் போடும். அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் உங்களுக்குக் கிடைப்பது என்ன? பெரும்பாலும் ஒரு சிக்னல் சுற்று. இரண்டு, இரண்டரை நிமிஷம். அதையும் அடுத்த சிக்னலில் நிற்கும்போது பாதி இழந்துவிடுவோம். அதற்காக உங்கள் பம்பரையும், பின்னால் வருகிற பைக்காரரின் காலையும் பணயம் வைக்கிறீர்கள். வரிசையில் நிற்பதில் மானக்கேடு எதுவும் இல்லை. ரேஷன் கடையிலும் கோயில் தரிசனத்திலும் நடுவில் நுழைகிறவரை "ஏங்க, வரிசையில வாங்க" என்று சத்தமாகச் சொல்லும் ஊர்தான் இது. கண்ணாடிக்குள் உட்கார்ந்ததும் முகம் தெரியாது என்கிற தைரியம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைகளோடு போகும்போது இன்னும் கவனம் வேண்டும். பின் சீட்டில் இருக்கும் பிள்ளை அப்பா எப்படி நுழைகிறார் என்பதை நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கும்.

உண்மையாகவே வழி தெரியாமல் தவறான லேனில் வந்துவிட்டேன். என்ன செய்வது?

நேராகப் போய்விடுங்கள். அடுத்த யூ-டர்னில் திரும்பி வாருங்கள். சென்னையில் பெரும்பாலான இடங்களில் இதற்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. மேப் தானாகவே வேறு வழி சொல்லிவிடும்.

தவறு எல்லாமே ஓட்டுநருடையது என்றும் சொல்ல மாட்டேன். லேன் அம்புக்குறிகள் பல இடங்களில் தேய்ந்து போயிருக்கின்றன. தேயாத இடத்தில் அவற்றின் மேலேயே வண்டிகள் நிற்பதால் கண்ணில் படாது. திசைப் பலகை முனைக்கு மிக அருகில் இருந்தாலோ, மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ வெளியூர்க்காரர் என்ன செய்வார்? ஆந்திரா, கர்நாடகா பதிவெண்ணோ, தயங்கித் தயங்கி இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு வருகிற வண்டியோ கண்டால் ஒரு கார் இடம் விடுவது நம் ஊருக்குப் பெருமை.

சில வழிகளில் தினமும் போகிறவர் என்றால், முந்தைய சிக்னலைத் தாண்டியதுமே உங்கள் லேனுக்கு வந்துவிடுங்கள். சந்திப்பை நெருங்கும்போது லேன் கோடு விட்டு விட்டு இருப்பது மாறி முழுக் கோடாகும். அதற்கு அப்புறம் லேன் மாறக் கூடாது என்பதுதான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம்.

நடுவில் நுழைய வருகிறவருக்கு இடம் விடலாமா, கூடாதா?

இண்டிகேட்டர் போட்டு, முகம் பார்த்து, காத்திருந்து கேட்கிறவருக்கு விடுங்கள். ஒருவருக்கு மட்டும். அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற இரண்டாவது ஆளுக்கு விட வேண்டியதில்லை, உங்கள் பின்னால் நிற்பவர்களுக்கும் நேரம் இருக்கிறது.

கேட்காமல் மூக்கை நுழைப்பவரை என்ன செய்வது? பம்பரோடு பம்பர் ஒட்டி வழியை அடைப்பது பலருக்குப் பழக்கம். அதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். முன்வண்டி திடீரென்று நின்றால் நீங்கள்தான் போய் இடிப்பீர்கள். அதோடு, நீங்கள் அடைக்கிற ஒவ்வொரு விநாடியும் அவருடைய பின்பாதி நேர் லேனில் குறுக்காகவே நிற்கும். அந்தப் பேருந்தில் இருப்பவர்கள் உங்கள் இருவரின் மல்லுக்கட்டுக்காகக் காத்திருப்பார்கள். சீரான இடைவெளியில் நகர்ந்துகொண்டே இருங்கள். அவராக நுழைந்துவிட்டால் விட்டுவிடுங்கள். இறங்கிப் போய் "வீட்ல சொல்லிட்டு வந்தியா" என்று ஆரம்பித்தால், மொத்தச் சிக்னலும் போச்சு.

புதிதாக ஓட்டுகிறேன். பக்கத்தில் யாராவது நுழைந்தாலே கை நடுங்குகிறது.

இயல்புதான். முன்வண்டியின் பின் டயர் தரையைத் தொடும் இடம் உங்களுக்குத் தெரிகிற அளவு இடைவெளி விட்டு நில்லுங்கள். யாராவது நுழைந்தால் நுழையட்டும். நிறுத்துவதும் மெதுவாக நகர்வதும் கைவந்துவிட்டால் பயம் தானாகப் போய்விடும். பின்னால் அடிக்கிற ஹார்னுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பைக்குகள் இடுக்கில் புகுந்து முன்னால் போவதும் இதே தப்புதானே?

நிற்கிற வண்டிகளுக்கு நடுவே பைக் மெதுவாக முன்னால் வந்து நிற்பதால் யாருடைய பச்சை நேரமும் குறைவதில்லை. பச்சை விழுந்ததும் அவர்கள்தான் முதலில் விலகுவார்கள். அதனால் நான் இதைக் காரின் நுழைவோடு சேர்க்க மாட்டேன். ஆனால் ஸ்டாப் லைனைத் தாண்டி ஜீப்ரா கோட்டின் மேல் நிற்பது, நடைபாதையில் ஏறுவது, இடது ஓரத்தில் இருந்து எல்லாருக்கும் முன்னால் குறுக்கே வெட்டி வலது திரும்புவது, இந்த மூன்றும் தப்பு. மூன்றாவது உயிருக்கே ஆபத்து. பேருந்து ஓட்டுநரின் உயரத்தில் இருந்து பார்த்தால், முன் பம்பரை ஒட்டி நிற்கிற ஸ்கூட்டர் தெரியவே தெரியாது.

ஆம்புலன்ஸ் பின்னாலேயே போய்விடலாமா?

கூடாது. 108 சைரன் கேட்டு எல்லாரும் ஒதுங்கும்போது, அந்த இடைவெளியில் ஆம்புலன்ஸை ஒட்டிக்கொண்டு ஒரு காரும் நாலு பைக்கும் போவதை இங்கே அடிக்கடி பார்க்கலாம். ஆம்புலன்ஸ் திடீரென்று நின்றால் அதன் பின்கதவில் இடிப்பது இவர்கள்தான். ஒதுங்கியவர்கள் திரும்பத் தங்கள் இடத்துக்கு வர முடியாமல் தவிப்பதும் இவர்களால்தான். அடுத்த முறை ஒதுங்க யோசிப்பார்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை. அவசர ஊர்திக்கு வழி விடாமல் இருந்தால் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

லேன் மாறும்போது சைகை காட்ட வேண்டும், மாறுவதால் மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் உள்ளது. அந்த ஒழுங்குமுறைகளை மீறினால் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். சட்டத்துக்கு மாறாக முந்திச் சென்று அது ஆபத்தான ஓட்டுதலாகக் கருதப்பட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு வரும். முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. 2019 திருத்தத்தின் உயர்ந்த அபராதங்கள் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில்.

பச்சையாகவே இருந்தாலும், எதிர்ப்பக்கம் இடம் காலியாகாமல் சந்திப்புக்குள் நுழையக் கூடாது என்ற விதியும் உண்டு. சில சந்திப்புகளில் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கட்டத்துக்கு அதுதான் பொருள். அந்தக் கட்டத்துக்குள் மாட்டிக்கொள்கிற ஒரே ஒரு கார் நாலு திசையையும் நிறுத்திவிடும்.

போலீஸ் நிற்கிறார்களே, ஏன் பிடிப்பதில்லை?

கான்ஸ்டபிள் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது சந்திப்பின் நடுவை. நுழைவு நடப்பது முப்பது மீட்டர் தள்ளி, மூன்று விநாடியில். அந்தக் காரை அங்கேயே ஓரங்கட்டினால் இன்னும் ஒரு லேன் அடைபடும். கேமராவுக்குச் சிவப்பைத் தாண்டுவதும் ஸ்டாப் லைனை மிதிப்பதும் சுலபமாகத் தெரியும். நுழைவு அப்படித் தெரியாது. முறையாக லேன் மாறியவரையும் நடுவில் சொருகியவரையும் பிரித்துப் பார்க்க ஆள் கண் வேண்டும். எனவே தண்டனையை மட்டும் நம்பாமல், முனைக்கு முன்னாலேயே லேனைக் கம்பம் நட்டுப் பிரிப்பதும், பலகையை முன்கூட்டியே வைப்பதும்தான் அதிகம் வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் எல்லாருமே லேன் மாறுகிறார்களே?

ஐப்பசி, கார்த்திகையில் இடது ஓரம் தண்ணீர் தேங்கிவிடும், பள்ளம் எங்கே என்று தெரியாது. எல்லாரும் வலது பக்கம் ஒதுங்குவது நியாயம். அந்த நாட்களில் இடது லேன் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன மாதிரி ஒன்றுக்கு ஒன்று முறைபோட்டுப் போங்கள்.

நுழைந்தவர் என் காரை உரசிவிட்டார். என்ன செய்ய?

யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடிபட்டிருந்தால் 108. மற்றதெல்லாம் அப்புறம். வெறும் கோடு விழுந்ததுதான் என்றால், வண்டிகள் நிற்கிற நிலையிலேயே நாலு படம்: இரண்டு பதிவெண்ணும் தெரிய ஒன்று, உரசிய இடம் கிட்டத்தில் ஒன்று, லேன் கோடும் சக்கரமும் சேர்ந்து தெரிய ஒன்று, தூரத்தில் இருந்து சந்திப்பு தெரிய ஒன்று. இதில் மூன்றாவதுதான் முக்கியம். யார் லேனில் யார் வந்தார் என்பதை அதுதான் காட்டும். பிறகு இருவரும் வண்டியை ஓரமாக எடுத்துவிட்டுப் பேசுங்கள். டேஷ்கேம் இருந்தால் அன்றைக்கே அந்தப் பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் கார்டு நிரம்பியதும் பழையதை அழித்துவிடும்.

தினமும் ஒரே இடத்தில் இது நடக்கிறது. எங்கே சொல்வது?

சென்னைப் போக்குவரத்துக் காவல்துறையின் 103ஐ அழைக்கலாம். அவர்களுடைய செயலியில் படத்தோடு புகார் போடவும் வழி உண்டு. ஒரு வண்டியைப் பற்றிய புகார் என்றால் பதிவெண், இடம், தேதி, நேரம் நான்கும் இருக்க வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டே படம் எடுக்காதீர்கள், கையில் போன் வைத்து ஓட்டுவதும் அதே 184ஆவது பிரிவில்தான் வருகிறது. பக்கத்தில் இருப்பவரை எடுக்கச் சொல்லுங்கள்.

இடத்தைப் பற்றிய புகார் என்றால் வண்டி எண்ணை விட விவரம் முக்கியம்: எந்தச் சாலை, எந்தத் திசை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த லேனில் இருந்து எந்த லேனுக்கு நுழைகிறார்கள், அம்புக்குறி தேய்ந்திருக்கிறதா, பலகை எங்கே இருக்கிறது. முடிந்தால் அடுக்ககச் சங்கமாகவோ தெருவாசிகளாகவோ சேர்ந்து எழுதுங்கள். அம்புக்குறி, கம்பம், பலகை எல்லாம் அந்தச் சாலையைப் பராமரிக்கும் துறையின் வேலை. அது மாநகராட்சியாகவும் இருக்கலாம், நெடுஞ்சாலைத் துறையாகவும் இருக்கலாம். எனவே கடிதத்தின் ஒரு நகலை அந்தப் பகுதிப் போக்குவரத்து ஆய்வாளருக்கும், இன்னொன்றைச் சாலை யாருடையதோ அவர்களுக்கும் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.